சாஸரும் ஃப்ராய்டும்: மகளின் படிப்பைப் பற்றிக் கேட்ட ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தேன். மகள் பி.ஏ. ஆங்கிலம் இறுதியாண்டு. இடைக்கால ஆங்கில இலக்கியத்தில், அதாவது ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இலக்கியத்தில், ஆராய்ச்சி செய்யப் போகிறேன், பிறகு உளப்பகுப்பாய்வும் (மனம்விட்டுப் பேசவைத்துச் சிகிச்சை அளிக்க ஃப்ராய்ட் உருவாக்கிய முறை) கற்றுக்கொண்டு இரண்டையும் சேர்த்துச் செய்வேன் என்கிறாள். அவள் அப்பாவோ, பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதட்டும் என்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது நீங்கள். ‘இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதா சார், இல்லை எங்கேயோ படித்துவிட்டுச் சொல்கிறாளா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது அம்மா. ஆனால் அந்தப் பெயரில் எந்தப் பல்கலைக்கழகமும் ஆள் எடுக்காது. இடைக்கால இலக்கியப் பேராசிரியர் என்றுதான் எடுப்பார்கள். உளப்பகுப்பாய்வு அதன் மேல், பல ஆண்டுகள் கழித்து, தனிப் பயிற்சியாகச் சேர்வது. உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இந்த வரிசை தெரியாததால் வருகிறது என்று நினைக்கிறேன். இரண்டையும் இப்போதே கையில் பிடிக்க வேண்டும் என்று மகள் நினைக்கிறாள். இரண்டும் கிடைக்காமல் போய்விடும் என்று அப்பா பயப்படுகிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் யாரும் அவளிடம் கேட்கப் போவதில்லை.

இந்த வழியில் போனவர்கள் இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் அரண்யே ஃப்ரேடன்பர்க். கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறைப் பேராசிரியராக இருந்தவர். 1991-இல் வெளிவந்த அவருடைய நூல், இடைக்காலத்தின் இறுதியில் ஸ்காட்லாந்து மன்னர்கள் நகர ஊர்வலங்களையும் திருமணங்களையும் வீர விளையாட்டுகளையும் வைத்து எப்படி ஆட்சியை நிலைநிறுத்தினார்கள் என்று ஆராய்வது. ஆவணங்களில் ஊறிய வேலை. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாஸரையும் உளப்பகுப்பாய்வையும் நேரடியாக ஒன்றுசேர்த்த நூல் 2002-இல் வந்தது. அவர் உளப்பகுப்பாய்வில் முறையான பயிற்சி பெற்று, சிகிச்சையும் அளித்தவர்.

இன்னொருவர் ஜூலியா கிறிஸ்தேவா. பல்கேரியாவில் 1941-இல் பிறந்தவர். 1965-இன் இறுதியில் பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிசுக்குப் போனார். அங்கே அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது 15-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரைநடைக் கதை ஒன்று. அது 1970-இல் நூலானது. உளப்பகுப்பாய்வாளராக அவர் தொழில் தொடங்கியது 1979-இல்தான். அதற்குப் பிறகும் பேராசிரியர் வேலையை விடவில்லை. இடைக்கால ஞானிகளையும் தெற்குப் பிரான்சின் காதல் பாடகர்களையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். 2004-இல் இலக்கியம், தத்துவம் போன்ற துறைகளின் அறிஞர்களுக்கான ஹோல்பெர்க் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் இவர்தான். இவரைப் பற்றி மகள் உங்களிடம் ஏற்கெனவே பேசியிருப்பாள். அவள் சொல்ல மறந்திருக்கக்கூடியது, அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் இருந்த உதவித்தொகை.

சாஸருக்கும் ஃப்ராய்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு கவிதையை வைத்துச் சொல்கிறேன். லங்காஸ்டர் கோமகளான பிளான்ச் 1368-இல் இறந்தார். அவருடைய கணவர் ஜான் ஆஃப் கான்ட், மன்னர் மூன்றாம் எட்வர்டின் மகன். அந்த இழப்பையொட்டி இளைஞராக இருந்த சாஸர் ஒரு நீண்ட கவிதை எழுதினார், 1,334 அடி. அதில் கதை சொல்பவன் எட்டு ஆண்டுகளாகத் தூக்கமில்லாதவன். ஒருவழியாகத் தூங்கி, கனவு காண்கிறான். கனவில் வேட்டை நடக்கிறது. ஒரு நாய்க்குட்டி அவனிடம் ஓடிவந்து குழைகிறது. அதைப் பின்தொடர்ந்து காட்டுக்குள் போகிறான். அங்கே கருவாலி மரத்தில் சாய்ந்தபடி கறுப்பு உடையில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். என் காதலி இறந்துவிட்டாள் என்று தனக்குத்தானே பாடிக்கொண்டிருக்கிறான். அந்தப் பாட்டு இவன் காதில் விழுகிறது.

ஆனாலும் இவன் தெரியாதவன்போலக் கேட்கிறான், உனக்கு என்ன துக்கம் என்று. அவன் சுற்றி வளைக்கிறான். விதியோடு சதுரங்கம் ஆடினேன், என் ராணியைப் பறிகொடுத்தேன் என்கிறான். ஒரு காய் போனதற்கா இவ்வளவு அழுகை என்று இவன் விடாமல் கேட்கிறான். அவன் அவளை முதலில் பார்த்தது, அவள் பேச்சு, சிரிப்பு என்று நூற்றுக்கணக்கான அடிகள் பேசுகிறான். இறுதியில், இப்போது அவள் எங்கே என்று கேட்டதும், அவன் வாயிலிருந்து நேராக வருகிறது: அவள் இறந்துவிட்டாள். அதுவா உன் இழப்பு, ஐயோ பாவம் என்கிறான் கேட்டவன். வேட்டை முடிகிறது. மணி அடிக்கிறது.

காதில் விழுந்த பிறகும் ஏன் கேட்டான்? இலக்கிய ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதிக்கும் கேள்வி இது. கேட்பவன் மந்தபுத்திக்காரன் என்றார்கள் சிலர். நாகரிகம் கருதித் தெரியாதவன்போல் நடித்தான் என்றார்கள் வேறு சிலர். துக்கத்தில் இருப்பவரிடம் உட்கார்ந்து பழகியவருக்கு மூன்றாவதாக ஒரு வழி தெரியும். அவர் வாயால் அவரே சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருப்பது என்பது ஒரு வேலை, அதற்குப் பயிற்சி தேவை. துக்கத்தைப் பற்றி ஃப்ராய்ட் 1917-இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்த யாருக்கும் இந்தக் காட்சி உடனே நினைவுக்கு வரும். ஃப்ரேடன்பர்க் 1990-இலேயே சாஸரில் இழப்பும் ஈடுசெய்தலும் பற்றி எழுதினார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கறுப்பு உடைக்காரன் இன்றைய மனிதன் இல்லை. இந்தக் கவிதை அதிகாரம் மிக்க ஒரு பிரபுவுக்கு எழுதப்பட்டது. அதன் பெரும்பகுதி அந்தக் காலப் பிரெஞ்சுக் கவிதைகளிலிருந்து எடுத்துக் கோத்தது. இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஃப்ராய்டை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குள் போனால், நாம் கொண்டுபோனதையே திரும்ப எடுத்துக்கொண்டு வருவோம். அப்படிப்பட்ட கட்டுரைகள் ஏராளம். துறையில் அவற்றுக்கு மதிப்பில்லை, வேலையும் கிடைக்காது. மகளுக்கு நான் சொல்லும் முதல் வேலை இதனால்தான் ஃப்ராய்ட் அல்ல, மொழிகள்.

இந்தப் பகுதியை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பாப்பா, சாஸரின் ஆங்கிலத்தைத் தற்கால ஆங்கிலப் பெயர்ப்பில் படித்து ஆராய்ச்சிக்குப் போக முடியாது. மூலத்தில் படி, வாய்விட்டுப் படி. ஹார்வர்டின் சாஸர் இணையதளத்தில் அவருடைய கதைத் தொகுப்பான கேன்டர்பரி கதைகளுக்கு அடிக்கு அடி தற்கால ஆங்கிலம் இருக்கிறது. தொடங்குவதற்கு அது போதும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி முழுவதும் இணையத்தில் இலவசம். அதற்கடுத்தது லத்தீன். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆய்வு மையம்போன்ற இடங்களில் லத்தீன் தேர்வு வைத்தே தீருவார்கள். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் ஆவண லத்தீனுக்குத் தொடக்கநிலைப் பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் ஓராண்டில் அடித்தளம் போட்டுவிடலாம். மூன்றாவது பிரெஞ்சு. இதற்குத்தான் உனக்கு உள்ளூரிலேயே வழி இருக்கிறது: சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் வகுப்புகள் உண்டு. டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வில் பி2 நிலை வரை போ. சாஸர் எதிலிருந்து எடுத்துக் கோத்தாரோ அந்தக் கவிதைகள் அப்போதுதான் உனக்குத் திறக்கும். உளப்பகுப்பாய்வாளர் லக்கானும் கிறிஸ்தேவாவும் எழுதியதும் அந்த மொழியில்தான்.

கையெழுத்துப் பிரதிகளைப் பார்க்கவும் இப்போதே பழகு. இடைக்கால எழுத்தர்களின் கையில் ஐ, எம், என், யு எல்லாமே ஒரே மாதிரியான குட்டைச் செங்குத்துக் கோடுகள். ஐயின் மேல் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. ‘மினிமம்’ என்ற லத்தீன் சொல்லை அந்த எழுத்தில் எழுதினால் பதினைந்து கோடுகள் வரிசையாக நிற்கும், எங்கே வெட்டிப் படிப்பது என்று தெரியாது. பொருள் தெரிந்தால்தான் எழுத்து தெரியும். கேன்டர்பரி கதைகளின் புகழ்பெற்ற எல்ஸ்மியர் பிரதி கலிபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். அச்சுப் புத்தகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, பொது முன்னுரையின் முதல் பதினெட்டு அடிகளை அதில் படித்துப் பார். இந்த வேலையில் உனக்கு மகிழ்ச்சி இருக்கிறதா இல்லையா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். மகிழ்ச்சி இல்லையென்றால், கோட்பாடுகளின் மேல் மட்டும்தான் ஆசை என்று அர்த்தம். அதில் தவறில்லை, அதற்கு வேறு துறைகள் இருக்கின்றன.

இனி உங்களுக்கு அம்மா, பணத்தைப் பற்றி.

பிஎச்.டி.க்குக் கடன் வாங்காதீர்கள். அமெரிக்காவின் நல்ல ஆங்கிலத் துறைகளில் பிஎச்.டி. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு மூன்றும் சேர்ந்தே வரும். பதிலுக்கு இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். இப்படி ஐந்தாறு ஆண்டுகளுக்கு எழுத்தில் உறுதி கொடுக்காத இடத்துக்குப் போக வேண்டாம். இடம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை என்றால் இடமே கிடைக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் எம்.ஏ. ஓராண்டு, செலவு அதிகம். ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரோட்ஸ், ஃபெலிக்ஸ், கேம்பிரிட்ஜுக்கு கேட்ஸ், பிரான்சுக்கு ஷார்பாக் என்று உதவித்தொகைகள் உண்டு. இவற்றில் ஒன்றோடு போனால் போகலாம். சொத்தை அடமானம் வைத்து இலக்கிய எம்.ஏ. படிக்க அனுப்புவதற்கு நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

முதலில் இங்கேயே ஒரு நல்ல எம்.ஏ. படிக்கட்டும். டெல்லிப் பல்கலைக்கழகம், ஜாதவ்பூர், ஹைதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகமான இஃப்ளூ எல்லாவற்றுக்கும் நுழைவுத் தேர்வு எழுதட்டும். எம்.ஏ. படிக்கும்போதே யுஜிசி நெட் எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வெளிநாடு அமையாவிட்டாலும் இங்கேயே ஆராய்ச்சி செய்ய அந்தப் பணம் தாங்கும், உதவிப் பேராசிரியர் பணிக்கும் நெட் தகுதி கைகொடுக்கும். அவள் அப்பாவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர் கேட்பது பாதுகாப்பு; அது இந்த வழியிலும் ஓரளவு இருக்கிறது.

ஓரளவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டில் நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அமெரிக்காவில் ஆங்கிலத் துறைப் பணியிடங்கள் பெரிதும் சுருங்கின, இன்றுவரை மீளவில்லை. அண்மையில் சில பெரிய பல்கலைக்கழகங்கள் இலக்கியத் துறைகளில் பிஎச்.டி. சேர்க்கையையே குறைத்தன, சில நிறுத்தியும் வைத்தன. பட்டம் வாங்கியவர்களில் பலர் நூலகம், ஆவணக் காப்பகம், பதிப்பகம், மொழிபெயர்ப்பு, பல்கலைக்கழக நிர்வாகம் என்று போகிறார்கள். மகள் இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். தெரிந்தும் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். உதவித்தொகையில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போவது வாழ்க்கை வீணானதாக ஆகாது.

உளப்பகுப்பாய்வுப் பயிற்சி இதற்கெல்லாம் பிறகு, பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டி. அது பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. அதற்கென்று தனிப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பயிற்சி பெறுபவர் முதலில் தானே சாய்வுப் படுக்கையில் படுத்துப் பேச வேண்டும், வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து முறை, ஆண்டுக்கணக்கில். கூடவே நான்கைந்து ஆண்டுகள் கருத்தரங்க வகுப்புகள். பிறகு மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் சிலரிடம் சிகிச்சை. 1920-களில் பெர்லினில் உருவான இந்த அமைப்புதான் இன்றும் பெரும்பாலான இடங்களில் தொடர்கிறது. செலவு முழுவதும் பயிற்சி பெறுபவருடையது. நிலையான சம்பளம் வந்தபின் இதைத் தொடங்குவதே உசிதம்.

மருத்துவம் படிக்காதவர் இதைச் செய்யலாமா என்ற கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஃப்ராய்டின் மாணவர் தியோடர் ரைக் மருத்துவரல்ல. 1912-இல் வியன்னாவில் அவர் வாங்கிய முனைவர் பட்டம் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளாபேரின் ஒரு படைப்பைப் பற்றியது. மருத்துவப் பட்டமில்லாமல் சிகிச்சை அளிக்கிறார் என்று அவர்மீது புகார் வந்தபோது, ஃப்ராய்ட் 1926-இல் அவருக்காக ஒரு நூலே எழுதினார். உளப்பகுப்பாய்வுக்கு ஒரு கல்லூரி அமைந்தால் அங்கே நாகரிக வரலாறும் தொன்மங்களும் சமய உளவியலும் இலக்கியமும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது ஃப்ராய்டின் கருத்து. மருத்துவரல்லாதவர்கள் சிகிச்சை அளிப்பதை அமெரிக்க உளப்பகுப்பாய்வுச் சங்கம் ஏற்கவில்லை. பல பத்தாண்டுகள் ஏறக்குறைய மருத்துவர்களுக்கு மட்டுமே கதவு திறந்திருந்தது. உளவியலாளர்கள் 1985-இல் வழக்குத் தொடுத்த பிறகே, 1980-களின் இறுதியில் சமரசம் ஏற்பட்டது.

இன்று சட்டம் இடத்துக்கு இடம் வேறு. கலிபோர்னியாவில் ‘ஆய்வு உளப்பகுப்பாய்வாளர்’ என்று தனிப் பதிவு உண்டு. முழுப் பயிற்சி முடித்த பேராசிரியர்கள் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் துணையாகச் சிகிச்சை அளிக்கலாம். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை அவர்களுடைய மொத்தத் தொழில் நேரத்தில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தங்களை உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. நியூயார்க்கில் முதுகலைப் பட்டத்தோடு பயிற்சியும் தேர்வும் முடித்தவர்களுக்கு உளப்பகுப்பாய்வாளர் உரிமமே தருகிறார்கள். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் தேவை. இலக்கிய முனைவர் பட்டம் அந்த உரிமையைத் தராது. உளப்பகுப்பாய்வுக்கு நம் நாட்டில் பழைய மரபு இருக்கிறது: கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் இன்றும் பயிற்சி அளிக்கிறது. போஸ் மருத்துவர், புராணங்களைப் பற்றி வங்காள மொழியில் நூல் எழுதியவரும்கூட.

நோயாளிகளோடு இருப்பதுதான் மகளுடைய முதல் ஆசை, இலக்கியம் இரண்டாவது என்றால் வழியே வேறு. இப்போதே உளவியல் முதுகலைக்கு மாற வேண்டும். இதை அவளிடம் ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள்.

கடிதத்தின் முடிவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: பாட்டி இறந்ததிலிருந்து அவள் இப்படித்தான் படித்துக்கொண்டே இருக்கிறாள், யாரிடமும் பேசுவதில்லை என்று. இதைப் படிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். துக்கத்தில் பிடித்த ஆர்வம் என்பதால் அது பொய்யாகிவிடாது. ஆனால் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், இப்போதே ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உளப்பகுப்பாய்வாளராக வேண்டும் என்பவர் உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பயிற்சியே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்று. தமிழ் படிக்கத் தெரிந்தவளுக்கு நம் இடைக்கால இலக்கியமும் இருக்கிறது. ஏ.கே. ராமானுஜன் சிகாகோவில் இருந்துகொண்டு நம்மாழ்வாரை மொழிபெயர்த்தார். தந்தையைக் கொன்று தாயை மணந்த கிரேக்கக் கதைநாயகன் ஈடிபஸ், ஃப்ராய்ட் பெரிதாக எடுத்துக்கொண்டவன், இந்தியக் கதைகளில் எப்படி வேறு உருவம் கொள்கிறது என்றும் எழுதினார். ஆழ்வார்களும் ஆண்டாளும் காரைக்கால் அம்மையாரும் இந்த வகை ஆய்வுக்கு எவ்வளவோ இடம் கொடுப்பவர்கள். சாஸரை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. விண்ணப்பிக்கும்போது தெற்காசியத் துறைகளையும் ஒரு கண் பார்க்கட்டும்.

இந்த ஆண்டு செய்ய வேண்டியது அதிகமில்லை. எம்.ஏ. நுழைவுத் தேர்வுகள், பிரெஞ்சு வகுப்பு, தினமும் கொஞ்சம் லத்தீன். அமெரிக்க பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடியும், அது எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் பார்க்க வேண்டியது. அதில் பட்டங்களைவிட அதிகம் கவனிக்கப்படுவது எழுத்து மாதிரியாக வைக்கும் கட்டுரை. அதற்கான பயிற்சியாக, மேலே சொன்ன கறுப்பு உடைக்காரனைப் பற்றி அவளை எழுதச் சொல்லுங்கள். பத்துப் பக்கம் போதும், மூல அடிகளை மேற்கோள் காட்டி, ஃப்ராய்டின் பெயர் ஐந்தாம் பக்கம்வரை வராமல். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பட்டும், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்